கைராசி

"அந்த டாக்டருக்குக் கைராசி உண்டு" என்று சொல்வது நம்மவர் வழக்கம். படித்த படிப்பெல்லாம் அப்புறந்தான்; முதலில் கை. என் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்து, ரோபோ கொண்டு ஆபரேஷன் செய்யலாமென்று டாக்டர் சொன்னபோது அவள் கேட்டாள்: "கத்தி யார் கையிலே இருக்கும், தம்பி?"

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு என்னவோ அது சிரிப்புக்குரிய கேள்வியாகப் படவில்லை.

ரோபோ என்றதும் இரும்பு மனிதன் ஒருவன் கத்தியோடு வருவதாக நினைத்துக்கொள்கிறோம். செக் நாடகாசிரியர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்தால் வந்த வினை அது. 'ரோபோட்டா' என்றால் அவர் மொழியில் கட்டாய உழைப்பு. ஆபரேஷன் அறையிலுள்ள யந்திரத்துக்கு அந்தப் பழைய பொருளே பொருந்தும். தானாக அது ஒன்றும் செய்வதில்லை. டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பெரிதாகத் தெரியும் படத்தைப் பார்த்து விரலை அசைக்கிறார். சிறு துளைகள் வழியே வயிற்றுக்குள் போன கருவிகள் அந்த அசைவையே சுருக்கிச் செய்கின்றன.

'சற்றுத் தள்ளி' என்றேன். எவ்வளவு தள்ளி? 2001 செப்டம்பர் 7-ஆம் தேதி ழாக் மாரெஸ்கோ என்ற டாக்டர் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் படுத்திருந்த 68 வயது அம்மாளின் பித்தப்பையை எடுத்தார். நடுவே அட்லாண்டிக் சமுத்திரம். கையசைவு அங்கே போய்ப் படம் திரும்பிவர, ஒரு விநாடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நேரந்தான் ஆயிற்று. அந்த அம்மாள் நலமாக வீடு திரும்பினாள். ஆனால், அவள் பக்கத்தில் வேறு டாக்டர்கள் தயாராக நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கம்பி அறுந்தால் அவள் உயிர் அவர்கள் பொறுப்பு. பெயரெல்லாம் கடலுக்கு அப்பால் இருந்தவருக்கு, காவல் இவர்களுக்கு!

தூரத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. இந்த யந்திரம் கை நடுக்கத்தை வடிகட்டிவிடுகிறது. நோயாளிக்கு இது பெரிய நன்மைதான். நடுங்கும் கை எனக்கு வேண்டுமென்று யார் கேட்பார்கள்? ஆனாலும் நடுக்கம் ஒரு சாட்சி. தூக்கமில்லாத இரவையும் வயதையும், சில சமயம் பயத்தையும், அது பக்கத்திலிருக்கும் நர்ஸுக்குக் காட்டிக் கொடுத்தது. "போதும், இனி இளையவர்கள் செய்யட்டும்" என்று எத்தனையோ பெரிய டாக்டர்களைக் கத்தியைக் கீழே வைக்கச் செய்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். சாட்சி வாயை மூடிக்கொண்டபின், நிறுத்த வேண்டிய நாளை அவருக்கு யார் சொல்வது? அவரேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். மனிதர்கள் தாமாகவே பதவியைவிட்டு எழுந்திருப்பது எவ்வளவு அபூர்வம் என்பது நமக்குத் தெரியாததல்ல.

இதை டாக்டரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "யந்திரம் தப்புச் செய்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான், சார்" என்றார். சட்டம் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்லுமா என்பது சந்தேகந்தான். இருந்தாலும் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அக்காவுக்கு எங்கள் தர்க்கம் எதுவும் காதில் ஏறவில்லை. "கையைக் காட்டுங்க, தம்பி" என்றாள். அவர் தயங்கினார், பிறகு இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிறிது நேரம் பார்த்தாள். அப்புறம் சம்மதக் கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.