கடவுளைப் பற்றிய பேச்சும் கடவுளிடம் பேசுதலும்: டிரையரின் ‘ஓர்டெட்’

டென்மார்க்கின் கார்ல் தியோடர் டிரையர் 1955இல் இயக்கிய, ‘வார்த்தை’ என்று பொருள்படும் ‘ஓர்டெட்’ படத்தைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அதன் இறுதிக் காட்சியிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. பிரசவத்தில் மாண்டு சவப்பெட்டியில் கிடத்தப்பட்ட இங்கர், தன்னையே இயேசு என்று நம்பித் திரிந்து பின்னர் சித்தம் தெளிந்த மைத்துனன் யோஹன்னஸின் அழைப்பைக் கேட்டு எழுகிறாள். நடந்தது தெய்வச் செயலா, சாவைக் கணித்ததில் நேர்ந்த பிழையா என்ற கேள்வி நியாயமானதே எனினும், அதை மட்டும் பற்றிக்கொள்வோர் அதற்கு முந்தைய ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தைக் கைவிட்டுவிடுகின்றனர்.

வெடர்சோ என்னும் ஊரில் பாதிரியாராக இருந்த காய் முங்க் எழுதிய நாடகமே படத்தின் மூலம். அதில் பண்ணையார் மோர்டன் போர்கன், இவ்வுலக இன்பத்தைக் கிறிஸ்தவத்துக்குப் பகையாகக் கருதாத குருண்ட்விக் என்ற 19ஆம் நூற்றாண்டு இறையியலரின் வழி நிற்பவர். தையற்காரர் பீட்டரோ, பாவவுணர்வையும் மனமாற்றத்தையும் வற்புறுத்தும் ‘உள்நாட்டு மிஷன்’ இயக்கத்தைச் சேர்ந்தவர். பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக்காக மோர்டன் தையற்காரர் வீட்டுக்குப் போக, பேச்சு மதச் சண்டையாக முற்றுகிறது. இங்கரின் நிலை மோசமென்று தொலைபேசியில் செய்தி வந்தபோது, அந்தச் சோதனையாவது மோர்டனைத் திருத்தட்டும் என்று பீட்டர் சொல்லிவிட, கிழவர் அவர்மீது பாய்கிறார். உண்மையை நாடும் பேச்சை ‘வாதம்’ என்றும், வெற்றியை மட்டும் நாடுவதை ‘ஜல்பம்’ என்றும், தன் கட்சி எதையும் நிறுவாமல் பிறர் கட்சியை மறுப்பதை ‘விதண்டை’ என்றும் நம் நியாய நூலோர் பிரித்தனர். பக்தியுள்ள இவ்விருவரின் பேச்சு இரண்டாம் வகையைத் தாண்டவே இல்லை. படத்தில் பேசுவோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அரிது என்பதும், வெட்டுகளைக் குறைத்து நீண்டு செல்லும் ஷாட்டுகளில் கேமரா ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் மெல்ல நகர்கிறது என்பதும், படத்தைப் பொறுமையாகப் பார்ப்போருக்கே புலப்படும்.

உயிர்த்தெழுதலுக்குச் சற்று முன்பே பீட்டர் பகை மறந்து, தம் மகள் ஆன்னெயைப் போர்கன் குடும்பத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். பிறகு வரும் யோஹன்னஸ், கூடியிருக்கும் விசுவாசிகளில் ஒருவர்கூட இங்கரைத் திருப்பித் தரும்படி இறைவனிடம் கேட்கவில்லையே என்று கடிந்துகொள்கிறான். அவன் கையைப் பற்றிக் கேட்பவள் இங்கரின் சிறுமகள் மாரென் மட்டுமே. கடவுளைப் பற்றி ஓயாமல் வழக்காடியவர்கள் கடவுளிடம் பேச மறந்தார்கள் என்பதே டிரையர் வைக்கும் கூர்மையான குற்றச்சாட்டு. அற்புதம் உண்டா இல்லையா என்ற வழக்கு, பார்வையாளரையும் அதே குற்றத்துக்கு எளிதில் ஆளாக்கிவிடும். இந்தப் படத்தைப் பற்றிப் பேச அமர்வோர் கடைசிப் பத்து நிமிடங்களை ஒத்திவைத்துவிட்டு, தையற்காரர் வீட்டுக் காட்சியிலிருந்து தொடங்குவது நல்லது.