மந்திரமா? மொழியா?

மாலை மயங்கும் வேளை. குன்னூர் மலைச்சரிவிலே பனி படர்ந்து, தேயிலைச் செடிகளை மெல்ல மூடுகிறது. பள்ளி முடிந்தும் ஓர் அறையில் மட்டும் விளக்கெரிகிறது. உள்ளே நான்கு பெண்கள், கண்களை மூடி, ஏதோ ஓதிக்கொண்டிருக்கின்றனர். பொருள் கேட்டால் விழிக்கின்றனர். வெளியே நிற்போர், யாகத்துக்கு ஒத்திகையோ என ஐயுறுவர்! ஆனால் ஓதப்பட்டது வடமொழி அல்ல, ஆங்கிலம். ஓதக் கொடுத்தவன் யார்? வேறு எவனும் அல்லன், நானேதான்.

ஆம், தோழர்களே! பொருளறியா மந்திரத்தை மேடையேறிச் சாடிய நானே, நாளொன்றுக்கு நாற்பது சொல் என்று அளந்து கொடுத்து, ஓதுக என்று ஆணையிட்டேன். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அந்த நால்வரும் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். செவிலியர் படிப்பு முடித்தவர்கள். கடல் கடந்து பணியாற்ற வேண்டுமானால் ஆங்கில அறிவை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கென 1989 முதல் நடைபெறுவது ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். மிக உயர்ந்த மதிப்பு 9. எழுத்தையும் பேச்சையும் நான்கு அளவுகோல்களால் அளக்கின்றனர். அவற்றுள் ஒன்று சொல்வளம். கால் பங்கு மதிப்பெண் அதற்கே! ஆகவேதான் இத்தனை பட்டியல், இத்தனை ஓதல்.

ஒருநாள் பேச்சுப் பயிற்சி. ‘நீங்கள் மதிக்கும் ஒருவரைப் பற்றிப் பேசுக’ என்பது தலைப்பு. ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம்; இரண்டு நிமிடம் வரை பேசலாம். ஒரு பெண் எழுந்தாள். எங்கோ பிறந்த விஞ்ஞானி ஒருவரைப் பற்றி, மனப்பாடம் செய்ததை மடமடவெனப் பொழிந்தாள். நான் மகிழ்ந்துபோய், “உங்கள் அம்மா காலை முதல் மாலை வரை என்ன வேலை செய்கிறார்? அதைச் சொல்லுங்கள்” என்றேன்.

அவள் ஊமையானாள். கொழுந்து கிள்ளுவதை, கவாத்து வெட்டுவதை, கூடை சுமந்து நிறைக்கு நிற்பதைச் சொல்ல அவளிடம் ஆங்கிலம் இல்லை. ‘யுபிக்விட்டஸ்’ தெரியும், ‘ப்ளக்’ தெரியாது! “அந்தச் சொல்லெல்லாம் நம் பட்டியலில் இல்லையே, ஐயா!” என்றாள்.

தாயின் உழைப்புக்கு இடமில்லாத பட்டியல்! அதைத் தந்தவன் நான்.

“தேர்வுக்குத்தானே? மதிப்பெண் வந்தால் போதாதா?” என்பீர். போதாது. நாளை அவள் நிற்கப்போவது நோயாளியின் கட்டிலருகே. குத்தும் வலி வேறு, எரியும் வலி வேறு, மந்தமான வலி வேறு. பொருள் பிசகினால் மருந்தும் பிசகும். மருந்து பிசகினால் உயிர் பிசகும். பொருளறியாமல் ஒரு சொல்லைப் பயன்படுத்துவது அங்கே அறியாமை மட்டுமன்று, அறக்கேடு.

பொருளறியாச் சொல்லுக்குள் வாழ்வது எத்தகையது என்பதை என் பாட்டி அறிவார். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கைத் தோட்டத்தை விட்டு இம்மலைக்கு வந்தவர் அவர். அங்கே ‘லயம்’ எனும் வரிசை வீட்டில் வாழ்ந்தார். அது ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. நம் ‘கங்காணி’யோ ஆங்கில அகராதியில் ஏறி அமர்ந்துவிட்டது! படிக்கத் தெரியாத தாள்களில் பாட்டி கைநாட்டு வைத்தார். தாளில் இருந்தது ஆங்கிலம். விரலில் இருந்தது மை. வாழ்க்கை இருந்தது பிறர் கையில்.

எனவே ஆங்கிலம் வேண்டாம் என்பதா? அன்று! இதே நீலகிரியில் கோத்தர் இனத்தில் சுல்லி என்றொருவர் இருந்தார். ஆங்கிலம் கற்றார், ஆசிரியரானார். கோத்த ஆடவர் நீள்முடி வைத்திருந்த காலத்தில் முடியை வெட்டி, ஊரின் சினத்தைத் தாங்கினார். 1930-களில் எமனோ என்ற மொழியறிஞர் மலையேறி வந்தபோது, கோத்தக் கதைகளை எடுத்துரைத்தவர் அவரே. அவை நூலாயின. பின்னர் எமனோவும் பர்ரோவும் 1961-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியில், தமிழோடு கோத்த மொழியும் நிமிர்ந்து நிற்கிறது. சுல்லி ஆங்கிலத்தை ஓதவில்லை, ஆண்டார். அதனால் அவர் தாய்மொழி தாழவில்லை, உலகறிய உயர்ந்தது.

இன்று எங்கள் வகுப்பில் நாற்பது, பத்தாகிவிட்டது. முதலில் அடிப்படைச் சொற்கள்: மைக்கேல் வெஸ்ட் 1953-இல் தொகுத்த ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியல். அடுத்து, அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் கல்வித்துறை நூல்களிலிருந்து திரட்டிய 570 சொற்குடும்பங்கள். பட்டியல் இன்னும் இருக்கிறது. ஆனால் அது எசமானன் அல்ல, ஏவலாள். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திக் கேட்கிறோம்: உன் பொருள் என்ன? நீ எங்கே பொருந்துவாய்? உன்னைக் கொண்டு என் வாழ்வைப் பற்றி உண்மையான ஒரு வாக்கியம் சொல்ல முடியுமா? முடியாத சொல், அன்று கற்ற கணக்கில் சேராது.

அன்று ஊமையான அந்தப் பெண், சென்ற வாரம் மீண்டும் எழுந்தாள். மதிக்கும் ஒருவர் என்று தன் தாயைப் பற்றிப் பேசினாள். நடுவே இரண்டு முறை தடுமாறினாள், சொல் தேடினாள், கண்டெடுத்தாள். ஓதியபோது ஒருமுறைகூடத் தடுமாறாதவள் அவள்! தேர்வில் என்ன மதிப்பெண் வருமோ, நான் அறியேன். அந்தத் தடுமாற்றத்தில் ஒரு மூளை வேலை செய்வதை மட்டும் என் கண்ணால் கண்டேன்.

கேள்வி கேட்காமல் ஏற்ற சொல், எம்மொழியில் இருந்தாலும் மந்திரமே. கேட்டு, ஆய்ந்து, அறிந்து ஏற்ற சொல், எங்கிருந்து வந்தாலும் நம் உடைமையே. தோழர்களே, உங்கள் கையிலுள்ள பட்டியலைப் பாருங்கள். அதில் எத்தனை உங்கள் உடைமை? எத்தனை மந்திரம்?