கூந்தல் செய்த குற்றம்

இத்தாலியின் பதுவா நகரிலுள்ள அரேனா சிற்றாலயத்தின் சுவர்களை 1305ஆம் ஆண்டு வாக்கில் ஓவியங்களால் நிறைத்தவர் ஜொத்தோ. வாசலுக்கு மேலே, உட்சுவர் முழுவதும் இறுதித் தீர்ப்பு. வழிபாடு முடிந்து வெளியேறுகிறவர் அதைப் பார்க்காமல் போக முடியாது. கிறிஸ்துவின் இடப்புறம் தீயாறு இறங்கி நரகமாகிறது.

அங்கே பாவிகள் தொங்குகிறார்கள். வட்டிக்கு விட்டவர்கள் தங்கள் பணப்பையின் கயிற்றிலேயே தூக்கில் கிடக்கிறார்கள். ஒருவர் நாவால் தொங்குகிறார், ஒரு பெண் கூந்தலால். பாவம் எதனால் நேர்ந்ததோ அதைக்கொண்டே தண்டனை என்பது இடைக்கால அறத்தின் கணக்கு. ஆண்களும் வதைபடுகிறார்கள், இந்த நரகம் பெண்களுக்கு மட்டுமானதல்ல. ஆனாலும் அந்தக் கணக்கை நாம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

பணப்பையைக் கீழே வைத்துவிடலாம். நாவை அடக்கிக்கொள்ளலாம். கூந்தல் என்ன செய்தது? வளர்ந்தது, அவ்வளவுதான். அலங்காரச் செருக்குக்கான தண்டனை அது என்பார்கள். செருக்கு மனதில் இருப்பது. கூந்தலில் அதைக் கண்டுபிடித்தது வெளியிலிருந்து பார்த்த கண். ஆசை பார்த்தவருடையது, தண்டனை பார்க்கப்பட்டவளுக்கு.

ஆலயத்தைக் கட்டிய என்ரிக்கோ ஸ்க்ரொவேஞ்ஞி, வட்டித் தொழிலில் பெயர் கெட்டுப்போன ரெஜினால்தோவின் மகன். தந்தையைத் தாந்தே தன் காவியத்தில், குலச்சின்னத்தால் அடையாளம் காட்டி நரகத்தில் உட்கார வைத்தார். மகனோ இதே ஓவியத்தில், மீட்கப்பட்டோர் பக்கத்தில் மண்டியிட்டு, ஆலயத்தின் மாதிரி உருவைக் காணிக்கையாக்குகிறார். பணத்தால் வந்த பாவத்தைப் பணத்தாலேயே கழிக்க வழியிருந்தது. உடலே பாவமென்று சொல்லப்பட்டவள் எதைக் கொடுத்து மீள்வாள்?

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1499க்கும் 1504க்கும் இடையே, ஒர்வியெத்தோ பேராலயத்தில் லூக்கா சிஞ்ஞொரெல்லி நரகத்தை வரைந்தார். சிறகுள்ள பிசாசு ஒன்று நிர்வாணப் பெண்ணொருத்தியை முதுகில் சுமந்து பறக்கிறது. திரும்பி அவளைப் பார்த்து இளிக்கிறது. வேதனைப்படும் உடல்கள் அங்கே அழகாகவும் இருக்கின்றன. எச்சரிக்கை என்ற பெயரில், பார்த்து ரசிக்கவும் அனுமதி கிடைத்துவிடுகிறது.

மீட்கப்பட்டோர் நரகத்தாரின் தண்டனையைக் கண்டு மகிழ்வார்கள் என்று 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் வாதிட்டார். வேதனைக்காக அவர்கள் மகிழ்வதில்லை, அதில் வெளிப்படும் இறைநீதிக்காகவே மகிழ்கிறார்கள் என்பது அவர் வகுத்த வேறுபாடு. சொல்லில் அந்தக் கோட்டைக் கிழிக்க முடியும். சிஞ்ஞொரெல்லியின் சுவர் முன்னால் நிற்கும்போது, நம் கண் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது?

ஆகவே தண்டனைக்குள்ளான பெண்ணை நமக்கு யார் காட்டினாலும் முதலில் ஒன்றைக் கேட்போம்: இவள் செய்தது என்ன? பதில் ஒரு செயலாக இருந்தால் நீதியைப் பற்றிப் பேசலாம். அவள் உடல் மட்டுமே பதிலாக இருந்தால், அந்தச் சுவரில் இருப்பது குற்றம் சாட்டியவர்களின் வாக்குமூலம்.