அன்றன்று அரைத்த சட்டினி

முந்திய நாள் அரைத்த சட்டினியைக் கண்டு முகஞ்சுளிக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? நம் நாட்டு வெப்பத்தில் தேங்காய்ச் சட்டினி அரைநாள் தாங்குவதும் அரிது. ஆதலின் அதனை அன்றன்றே அரைத்தல் வேண்டும். அரைக்க எழுவது யார் என்பதை மட்டும் நாம் கேட்பதேயில்லை.

தோட்டத்துக் கிராணியாகிய நாம் ஆட்களின் வேலை நேரத்தைப் பிசகாது செக்ரோலில் பதிகிறோம். நம் வீட்டில் விடியுமுன் தேங்காய் துருவும் கைக்கோ எந்த ஏட்டிலும் பெயரில்லை. "அது அன்பினாற் செய்வது, அன்புக்குக் கணக்கேது?" என்பர் நண்பர். அவ்வன்பு ஒருவர் கையில் மட்டுமே துருவியைக் கொடுப்பானேன்? மிக்ஸி வந்துவிட்டதே என்பாரும் உளர். அது அரைக்கும், விடியுமுன் தானே எழாது.

சென்ற மாதம் இல்லாள் காய்ச்சலாய்க் கிடக்க, நாமே அரைக்கப் புகுந்தோம். தேங்காய் அரை மூடி, பச்சை மிளகாய் 3, பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி, இஞ்சிச் சிறு துண்டு, உப்பு. ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல்வரை துருவி நிறத்தைக் கெடுத்தோம். நீரைச் சிறுகச் சிறுக விடாது ஒரேயடியாய்க் கொட்டியதால் மிளகாய் அரைபடாமல் மிதந்தது. தாளிக்கையில் ஈரக் கறிவேப்பிலை வெடித்துக் கை சுட்டது. ஒரு கிண்ணம் சட்டினிக்கு முக்கால் மணி நேரம்!

படுக்கையிலிருந்தே ருசி பார்த்தவள், உப்புச் சற்றுக் குறைவென்றாள். நமக்கு மூண்ட சினம் நமக்கே புதிது. இந்த 8 ஆண்டுகளாக அவள் அதனை எங்கே வைத்திருந்தாள்?