விற்கப்பட்ட சிறுவன், அனுப்பப்பட்ட ஆயர்



உடன்பிறந்தவர்களாலேயே விற்கப்பட்ட யோசேப்பை இன்றைய முதல் வாசகத்தில் கண்டோம். விற்கப்படும் அதே துயரத்தை 200 ஆண்டுகளுக்கு முன் இன்றைய நைஜீரியாவில் ஒரு யொரூபா சிறுவன் அனுபவித்தான். அவன் பெயர் அஜாயி.

1821-இல் ஒருநாள் காலை, அடிமை பிடிக்கும் படை அவனுடைய ஓசோகுன் ஊரைச் சூழ்ந்து தீ வைத்தது. எதிர்த்து நிற்கப் போன தந்தையை அதன்பின் அவன் பார்க்கவேயில்லை. தாயோடும் சகோதரிகளோடும் கழுத்தில் கயிறு மாட்டி அவனையும் இழுத்துச் சென்றார்கள். ஒரு குதிரைக்கு மாற்றாக அவனைக் கொடுத்தார்கள். தாயிடமிருந்து பிரித்து, கைமாற்றிக் கைமாற்றி விற்றார்கள். துயரம் தாளாமல் உயிரை விடவும் முயன்றான்.

1822 ஏப்ரலில் அவனை ஏற்றிச் சென்ற போர்த்துக்கீசிய அடிமைக் கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை மடக்கிப் பிடித்தது. விடுதலை வந்துவிட்டது, ஆனால் அச்சம் போகவில்லை. போர்க்கப்பலில் தொங்கிய இறைச்சியை மனித இறைச்சி என்றும், அடுக்கியிருந்த பீரங்கிக் குண்டுகளை மனிதத் தலைகள் என்றும் நினைத்து நடுங்கினான். கிட்டே போய்க் குளம்பைப் பார்த்து, அது பன்றி இறைச்சிதான் என்று தெரிந்த பிறகே மூச்சு வந்தது.

அன்பானவர்களே, காயப்பட்ட பிள்ளையின் மனம் இப்படித்தான் இருக்கும். காப்பாற்ற வந்த கையைக்கூட அது சட்டென்று நம்பாது. அந்தப் பிள்ளையிடம் போய், "எல்லாம் கடவுளின் சித்தம்" என்று சொல்லிவிடாதீர்கள். ஊரைக் கொளுத்தியது கடவுள் அல்ல. யோசேப்பும் தன் சகோதரர்கள் செய்த தீமையைத் தீமை என்றே சொன்னார். அதிலிருந்தும் நன்மையை விளைவிக்கக் கடவுளால் முடிந்தது என்றும் சொன்னார்.

சியரா லியோனில் அஜாயிக்கு எழுத்து கற்பிக்க ஆள் கிடைத்தது. ஆறே மாதங்களில் புதிய ஏற்பாட்டை வாசிக்கத் தொடங்கினான். 1825-இல் திருமுழுக்குப் பெற்று சாமுவேல் குரௌதர் ஆனான். 1843-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவானார். பிறகு, தன்னை விற்ற மண்ணுக்கே நற்செய்தியோடு திரும்பிப் போனார். 1846-இல் அபேயோகூட்டாவில், 25 ஆண்டுகளாகக் காணாத தாயைக் கண்டார். இருவருக்கும் பேச்சு வரவில்லை. தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். குழந்தைப் பருவத்துச் செல்லப் பெயர்களைச் சொல்லி அழைத்தார். 1848-இல் அந்தத் தாயும் திருமுழுக்குப் பெற்றார். 1864-இல் மகன் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரானார். யொரூபா மக்கள் தங்கள் தாய்மொழியில் விவிலியம் வாசிக்க உழைத்தார்.

இழந்ததை அவர் மறக்கவில்லை. பழி தீர்க்கவும் கிளம்பவில்லை. தன்னைப் போல் துயருற்றவர்களைத் தேடிப் போனார். முதிர்ச்சி என்பது இதுதான்.

நம் பங்கிலும் தந்தையை இழந்த பிள்ளைகள் உண்டு. குடும்பம் சிதைந்து பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நன்றியை எதிர்பார்க்காதீர்கள். பள்ளிக் கட்டணத்துக்கு வழி செய்யுங்கள். மாலையில் பாடம் சொல்லிக்கொடுங்கள். ஞாயிறு பூசைக்குப்பின் வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். அவர்கள் நம்பும் வரை பொறுத்திருங்கள். நம்பிய பிறகும் விட்டுவிடாதீர்கள்.

யோசேப்போடு இருந்த இறைவன் நம் பிள்ளைகளோடும் இருக்கிறார். அவர்களுக்குத் துணையாக அவர் இன்று அனுப்புவது நம்மைத்தான். மறுக்காமல் செல்லும் அருளை அவரிடம் கேட்போம். ஆமென்.