தொட்டிக்குள் மச்ச நியாயம்

வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, அதாவது ரீஃப் டேங்க், வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ட்ரிக்கர் மீன் மீது ஒரு குற்றப்பட்டியலே வாசிப்பார்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய விட்ட இறாலைத் தின்றுவிட்டது. நத்தையை ஓட்டோடு நொறுக்கிவிட்டது. கல்லைப் புரட்டிப் பவளத்தைக் கவிழ்த்துவிட்டது. ஹீட்டர் வயரைக்கூட விட்டுவைக்கவில்லை. நம் தென்கோடிக் கடற்கரையில் கிளாத்தி என்று சொல்வார்களே, அந்தக் குடும்பம்தான். உலகக் கடல்களில் ஏறத்தாழ 40 இனங்கள் உண்டு. முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தியதும் இரண்டாம் முள் அதைத் தாழ்ப்பாள் போலப் பூட்டிவிடும். பாறை இடுக்கில் நுழைந்து முள்ளை நிமிர்த்திக்கொண்ட மீனை வெளியே இழுப்பது லேசல்ல. இரண்டாம் முள்ளை அமுக்கினால் பூட்டு விட்டுவிடும். துப்பாக்கி விசையின் பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்.

“முரட்டு மீன் சார்” என்று கடைக்காரர் ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார். அந்தத் தீர்ப்பைச் சற்றே ஒத்திவைத்துவிட்டு, கென்யாவுக்குப் போக வேண்டும்.

அங்குள்ள பவளப்பாறைகளைக் கடல் ஆய்வாளர் டிம் மெக்லானஹன் 1980களிலிருந்து ஆராய்ந்துவருகிறார். மீன்பிடிப்பு மிகுந்த பாறைகளில் கடல் முள்ளெலிகள் பெருகிப் பாறையையே அரித்துக்கொண்டிருந்தன. மீன்பிடிக்கத் தடையுள்ள கடற்பூங்காக்களில் அவை குறைவாகவே இருந்தன. வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், உடலெங்கும் ஆரஞ்சுக் கோடுகள் ஓடும் ஒரு ட்ரிக்கர் மீன். அது முள்ளெலிகளைத் தின்று கட்டுக்குள் வைப்பதால் பவளம் பிழைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வீட்டுத் தொட்டிகளில் யாரோடும் ஒத்துப்போகாதது என்று மிக மோசமாகப் பெயரெடுத்திருப்பதும் இதே இனம்தான். கடலில் காவல்காரன், தொட்டியில் கொலைகாரன். பல் என்னவோ ஒரே பல்.

வெறும் முரடு என்றும் ஒதுக்கிவிட முடியாது. செங்கடலில் ஆய்வாளர் ஹான்ஸ் ஃப்ரிக்கே 1970களில் ஒரு காட்சியைப் பதிவு செய்தார். நீண்ட முள் கொண்ட முள்ளெலியைக் கண்ட ட்ரிக்கர், வாயால் நீரைப் பீய்ச்சி அதைப் புரட்டிப் போடுகிறது. பிறகு முள் குட்டையான அடிப்பக்கத்தில் கடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பிக்காசோ என்ற ட்ரிக்கர் இனத்துக்கு நிறங்களைப் பிரித்தறியப் பயிற்சி கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். தீனி போடுபவரைக் கண்டதும் கண்ணாடியருகே ஓடிவருவதால்தான் வளர்ப்பவர்களுக்கு இதன்மேல் இத்தனை பிரியம்.

அப்படியானால் அந்த இறாலின் சாவு யார் கணக்கில் சேரும்? விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றினாலும் இந்தியச் சிந்தனையாளர்கள் இதற்கு வெகு அருகில் வந்திருக்கிறார்கள். பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் நிலைக்கு மச்ச நியாயம் என்று பெயர். தண்டம் ஏந்துபவன் இல்லாத நாட்டில் வலியவன் எளியவனை விழுங்குவான் என்று அர்த்தசாஸ்திரம் இதைச் சொல்கிறது. அரசன் இல்லாத இடத்துக்குத்தான் அந்த உவமை. கடலுக்கு அது பொருந்தும். வரவேற்பறைத் தொட்டியில் அரசன் இருக்கிறான்: உப்பின் அளவையும் விளக்கு அணையும் நேரத்தையும் யார் யாரோடு வாழ வேண்டும் என்பதையும் அவனே முடிவு செய்கிறான். இறாலுக்குத் தப்பி ஓட இடமில்லாமல் செய்தவனும் அவனே. இயற்கை அப்படி என்று அவன் கைகழுவிக்கொள்வது செல்லாது.

சமணம் இன்னும் கறாரானது. ஒரு செயலைத் தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்வதைக் கண்டு உடன்படுவது ஆகிய மூன்றுக்கும் அங்கே வினை உண்டு. கொல்லாமை நோன்பில் நேரும் குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூல் வரிசைப்படுத்தும்போது முதலில் வருவது உயிரைக் கட்டி அடைத்துவைப்பது. அடிப்பதுகூட அதற்கு அடுத்துத்தான். 12ஆம் நூற்றாண்டின் சமண அறிஞர் ஹேமசந்திரர், இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய 15 தொழில்களில் நாய், பூனை, கிளி, மயில் முதலியவற்றை வளர்த்துப் பிழைப்பதையும் சேர்த்தார். கிளி வளர்த்தாலே குற்றமா என்று இன்றைய வாசகர் சிரிக்கலாம். கொன்று தின்னும் உயிரையும் அதன் இரையையும் ஒரே கண்ணாடிக்குள் விடுபவரைப் பற்றி ஹேமசந்திரர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கடினமல்ல.

மகாபாரதத்துத் தருமவியாதனை எதிர்வாதத்துக்கு அழைக்கலாம். இறைச்சி விற்ற அவன், ஏர் உழுதாலும் உயிர் சாகிறது, முழுக் கொல்லாமை யாருக்கும் வாய்க்காது என்று ஓர் அந்தணனுக்கே பாடம் சொன்னான். வலுவான வாதம். ஆனால் அவன் பேசியது குலத்தொழிலையும் வயிற்றுப்பாட்டையும் பற்றி. ரீஃப் டேங்க் யாருடைய பசியையும் தீர்ப்பதில்லை. கண்ணுக்கு இன்பம் என்ற ஒரே காரணத்தை வைத்துக்கொண்டு தருமவியாதனின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

மீன் வளர்ப்பைப் பற்றிய மிகப் பழைய கதை ஒன்று சதபத பிராமணம் என்ற வேதநூலில் இருக்கிறது. மனுவின் கையில் அகப்பட்ட சின்ன மீன், பெரிய மீன்கள் தின்றுவிடும், என்னைக் காப்பாற்று என்று கேட்கிறது. முதலில் ஒரு பானை, அது போதாதபோது ஒரு குழி, அதுவும் போதாதபோது கடல் என்று வளர்ப்புத் திட்டத்தையும் மீனே வகுத்துக் கொடுக்கிறது. மனு அப்படியே செய்தான். பிரளயத்தில் அவனை மீன் காப்பாற்றியதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மீன் பானையைவிடப் பெரிதாக வளரும் என்று முதல் நாளே ஒப்புக்கொண்டு அவன் அதை ஏற்றான் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

வெள்ளைப் பொட்டுகளும் மஞ்சள் வாயுமாகக் கோமாளி ட்ரிக்கர் கடைக்கு வரும்போது விரல் நீளம்கூட இருக்காது. வளர்ந்தால் 50 செ.மீ. வரை போகும். நாலடித் தொட்டி அப்போது அதற்குப் பானைதான்.

பவளத்தோடு வைக்கத் தோதான ட்ரிக்கர்களும் உண்டு. நீரில் மிதந்துவரும் சிற்றுயிர்களை உண்ணும் நீலத்தாடை இனம், கட்டம்போட்ட உடலுள்ள குறுக்குக்கோட்டு இனம் இரண்டையும் அனுபவசாலிகள் சிபாரிசு செய்வார்கள். பவளம் தப்பும், அடைத்துவைத்தல் என்ற முதல் குற்றம் அப்படியே நிற்கும். இந்தியாவிலோ பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுத்துத் தொட்டியில் வைப்பது தர்மசங்கடத்துக்கு முன்பே சட்டச் சிக்கல்.

மனுவுக்குத் திறந்திருந்த மூன்றாம் வழியான கடல் இன்று அடைபட்டுவிட்டது. இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த சிங்கமீன் 1985இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையோரம் முதன்முதலாகத் தென்பட்டது. வளர்ப்பவர்கள் விட்ட மீன்களிலிருந்தே அது பெருகியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்போது கரீபியன் முழுக்க உள்ளூர் மீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆகவே, பெருத்துப்போன ட்ரிக்கரைக் கடலில் கொண்டுபோய் விடுவது புண்ணியமாகாது. பொது மீன்காட்சியகங்கள் பலவும் வீட்டில் வளர்ந்து பெருத்த மீன்களை வாங்கிக்கொள்வதில்லை.