எப்படி வந்துச்சு?



சர்க்கரை வியாதிக்காரர் ஜெபிக்கக் கேட்டு வந்தால், "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று விசாரிப்போம். எச்.ஐ.வி. என்றால் மட்டும், "எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறோம். நானும் கேட்டேன்.

2012-ல் ஒரு வாலிபத் தம்பி, உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போனபின் என்னிடம் வந்தான். நம்பிக்கை மையத்தில் இரத்தம் சோதித்து எச்.ஐ.வி. இருக்கிறதென்று சொல்லிவிட்டார்களாம். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் தலைமேல் கை வைக்குமுன்பே நான் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தவன், "அத சொன்னாத்தான் ஜெபம் பண்ணுவீங்களா, பாஸ்டர்?" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அதே வியாதியோடு ஒரு சகோதரி வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லையே! புருஷன் மூலமாய் வந்தது என்று ஊருக்கே தெரியும். "பாவம், அவங்க என்ன செஞ்சாங்க" என்று சபை முழுவதும் இரங்கிற்று. இரங்கினது நல்லதுதான். ஆனால் குற்றமற்றவள் என்று தீர்ப்பு சொல்லிவிட்டுக் கொடுப்பது இரக்கமா? அவர்களைப் "பாவம்" என்று சொல்லும் அதே வாயால், காரணம் சொல்ல முடியாத இன்னொருவனைப் "பாவி" என்று முடித்துவிடுகிறோம். யோவான் 9-ம் அதிகாரத்தில் பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்களுக்கும் இதே விசாரணைதான், யார் பாவத்தால் வந்தது என்று. ஆண்டவர் அதற்குள்ளே போகவில்லை. மண்ணைக் குழைத்து அவன் கண்களில் பூசினார். (வேதாகமக் கல்லூரிப் பரீட்சையில் இந்த அதிகாரத்தைப்பற்றி மூன்று பக்கம் எழுதியவன் நான்!)

அடுத்து நான் செய்தது அதைவிட மோசம். பெயர் சொல்லாமல், "ஒரு வாலிபத் தம்பிக்குக் கொடிய வியாதி" என்று ஜெபக்குறிப்பு கொடுத்தேன். எங்கள் சபையில் வாலிபர் எத்தனை பேர்? ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கர்த்தருடைய பந்தியில் பாத்திரம் அவனைத் தாண்டி வந்தபோது, ஒரு பெரியவர் உதட்டில் வைக்காமலே அடுத்தவரிடம் தள்ளினார். ஒரே பாத்திரத்தில் குடிப்பதால் எச்.ஐ.வி. தொற்றாது. அன்றைக்கே எனக்கு அது தெரியும். வாய் திறக்கவில்லை.

அவன் சபைக்கு வருவதை நிறுத்தினான். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வரிசையில் நம் ஜனங்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, மாத்திரை வாங்கப் பக்கத்து மாவட்டத்துக்குப் போனான். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போகும், பஸ் சார்ஜ் வேறே. கடைசியில் மாத்திரையும் நின்றுபோனது. அடுத்த வருஷம் காசநோய் பிடித்தது.

இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதல் தெரியவந்தது 1986-ல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்தத்தை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். அன்று மருந்தில்லை. 2004 ஏப்ரல் முதல் அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாய்க் கொடுக்கிறது. இன்று பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, சோதனையில் தெரியாத அளவுக்கு இரத்தத்தில் கிருமி குறைந்து, அப்படியே இருந்தால், தாம்பத்தியத்தில்கூட துணைக்குத் தொற்றாது. மருந்து இருக்கிறது, காசும் கேட்பதில்லை. நடுவில் நிற்பது நம்முடைய கண்ணும் வாயும்தான். நம்பிச் சொன்னதைச் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ல் சட்டமே போட்டார்கள். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. பார்லிமெண்ட் சொல்லியா ஒரு மேய்ப்பனுக்கு இது தெரியவேண்டும்?

"அப்படின்னா பாவத்தப் பாவம்னு சொல்லக்கூடாதா, பாஸ்டர்?" என்று சிலர் கேட்பீர்கள். சொல்லலாம், பிரசங்க பீடத்திலிருந்து எல்லாருக்கும், எனக்கும் சேர்த்து. ஜெபத்துக்கு வந்து முழங்காலில் நிற்கிறவனைத் தனியே பிடித்து அல்ல. ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்றும் தயவுசெய்து ஒருவருக்கும் சொல்லாதீர்கள். சுகந்தரும் தேவனை நான் விசுவாசிக்கிறேன். அந்தத் தம்பி எலும்பும் தோலுமாய்க் கிடந்ததையும் பார்த்தேன்.

அவன் பிழைத்தான். காசநோய்க்கு மருந்து முடித்து, கூட்டு மருந்துக்குத் திரும்பினான். வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி பாஸ்டர்" என்றான், அவ்வளவுதான். இப்போது வேறொரு சபைக்குப் போகிறான். அங்கே யாரிடமும் சொல்லவில்லையாம்.